மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் போய்வரக்கூடிய கட்டடம்: திட்டமிடுவது எப்படி?

பீடத்துக்குப் புதுக் கட்டடம் ஒன்று வரப்போகிறது. விசேட தேவையுடைய மாணவர்களுக்கான வசதிகளைப் பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். பீடத்தில் வயதில் இளையவர் என்பதால் உங்கள் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். அல்லது நீங்கள் புதிதாக வந்த உதவிப் பதிவாளர். அல்லது மாணவர் ஒன்றியத்தில் இருக்கிறீர்கள். இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் இந்த வேலைக்குள் தலையைக் கொடுத்தபோது, எந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லக்கூட ஆள் இருக்கவில்லை.

கையில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் சமதரையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வாசலில் ஒரு சாய்தளம், உள்ளே ஒரு மலசலகூடம், ஒரு லிப்ட், அதோடு முடிந்தது. பேராதனை, பதுளை போன்ற இலங்கையின் மலைநாட்டு ஊர்களில் அது போதாது. இங்கே சிக்கல் வாசலுக்கு வெகு முன்னாலேயே, பஸ்ஸால் இறங்கும் இடத்திலேயே ஆரம்பித்துவிடும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரைபடத்தில் மட்டம், அதாவது உயரம், எண்ணில் குறிக்கப்படாத எதுவும், அளவுப் பட்டியலில் (செய்யவேண்டிய வேலைகளை அளவோடும் விலையோடும் வரிவரியாகக் காட்டும் பட்டியலில்) தனி வரியாக இல்லாத எதுவும் கட்டப்படாது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டியிருந்தாலும் கட்டப்படாது.

1. சட்டத்தின் பிரதியைக் கோப்பின் மேலே வையுங்கள்

மூன்று விஷயங்கள் போதும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் கீழ் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகள். புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு இணங்க இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரல் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை. இவற்றின் பிரதிகளை எடுத்து, கூட்டக் குறிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

எதற்கு என்றால், முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் "இப்போது அப்படி மாணவர் யாரும் இல்லையே" என்பார். அவரோடு வாதாடிப் பொழுதைப் போக்க வேண்டாம். பிரதியைக் காட்டி அடுத்த விடயத்துக்குப் போய்விடலாம். கட்டடத்தின் ஆயுள் ஐம்பது வருடம். இந்த வருட மாணவர் பட்டியலை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. அதோடு, வருகிற வழியில்லாத இடத்துக்கு மாணவர் எப்படி வருவார்?

பழைய கட்டட வரைபடங்கள் தேவைப்பட்டால் முதலில் பராமரிப்புப் பிரிவில் வாயால் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆர்.டி.ஐ. 01 படிவத்தை நிரப்பித் தகவல் அதிகாரியிடம் கொடுக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். சக ஊழியருக்கு எதிராகப் படிவம் கொடுத்தால் முகம் கறுக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

2. வரைபடத்துக்கு முன்னால் வழியை நடந்து பாருங்கள்

பிரதான வாயில், பஸ் தரிப்பிடம், விடுதி, நூலகம், சிற்றுண்டிச்சாலை, மருத்துவ நிலையம், பரீட்சை மண்டபம். இவற்றிலிருந்து புதுக் கட்டடம் வரப்போகும் இடம் வரைக்கும் நடக்க வேண்டும். முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த காலையில் போங்கள். எந்த இடத்தில் பாசி, எந்த வளைவில் தண்ணீர் பாதைக்குக் குறுக்கே ஓடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவரும் பார்வையற்ற மாணவர் ஒருவரும் கூட வந்தால் மிக நல்லது. ஆனால் முன்கூட்டிக் கேளுங்கள், விரிவுரை இல்லாத நேரம் பாருங்கள், படம் எடுப்பதென்றால் அனுமதி வாங்குங்கள். ஒரு மாணவர் என்னிடம் சொன்னார்: "சேர், என்னைத் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் இருக்கிறாங்க. அந்த நாலு பேரும் வருகிற நாளில்தான் நானும் லெக்சருக்கு வரலாம்." நண்பர்கள் நல்ல பிள்ளைகள்தான். அவர்கள் தூக்குவதைக் காட்டியே "இங்கே பிரச்சினை இல்லை" என்று கோப்பை மூடுபவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

எடுத்துப்போக வேண்டியவை: அளவு நாடா, ஒரு மீற்றர் நீளமான நேர்ப்பலகை, மேசன் பாஸ்மார் வைத்திருக்கும் லெவல், குறிப்புப் புத்தகம். பலகையின் ஒரு நுனியைச் சரிவின் மேற்பக்கத்தில் வையுங்கள். மற்ற நுனியைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, லெவலின் குமிழ் நடுவில் வரும்வரை தூக்கிப் பிடியுங்கள். தூக்கிய நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவுங்கள். 5 சென்ரிமீற்றர் என்றால் சரிவு 1:20, அதாவது 20 மீற்றர் நீளத்துக்கு ஒரு மீற்றர் உயரம், வசதியான பாதை. 8.3 என்றால் 1:12, அதுதான் எல்லை. 12ஐத் தாண்டினால் பின்னால் தள்ளுகிறவருக்கே மூச்சு வாங்கும், இறங்கும்போது ஆபத்து.

கான்களை, அதாவது மழைநீர் ஓடும் வாய்க்கால்களை, தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மலைநாட்டு வீதியோரம் எங்கும் திறந்த கான்தான். வீதியிலிருந்து எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் ஒரு கானைக் கடந்தே ஆக வேண்டும். அந்த இடத்தில் கொங்கிரீட் மூடி இருக்கிறதா, உடைந்திருக்கிறதா, இரும்புக் கம்பி வலை போட்டிருந்தால் அதன் இடைவெளி எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். கம்பிகள் நடக்கும் திசையிலேயே நீண்டிருந்தால் சக்கர நாற்காலியின் முன் சில்லு உள்ளே இறங்கிவிடும். கம்பிகள் குறுக்காகவும், இடைவெளி ஒரு விரலைவிட அகலம் கூடாமலும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஆனாலும் யாரும் கேட்காததால் செய்யப்படாமலே கிடக்கிறது.

3. சாய்தளத்தின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

பொறியியலாளர் பார்ப்பார் என்று விட்டுவிட வேண்டாம். கணக்கு இலேசானது. 1:12 என்றால் ஒரு மீற்றர் உயர 12 மீற்றர் நீளம். ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை மீற்றர் நீளத்தில் சமதளம் வர வேண்டும். களைத்தவர் நிற்பதற்கும் நாற்காலியைத் திருப்புவதற்கும் அது.

ஒரு மாடி உயரம், அதாவது 3 மீற்றர் ஏற 36 மீற்றர் சாய்வு, நடுவில் மூன்று சமதளங்களுக்கு நாலரை மீற்றர், ஆக 40 மீற்றருக்கும் மேல். கீழ் வாயிலுக்கும் மேல் பீடத்துக்கும் 30 மீற்றர் உயர வித்தியாசம் என்றால் 400 மீற்றரைத் தாண்டும். அதைச் சாய்தளத்தால் தீர்க்க நினைப்பது வீண். அங்கே தேவை நாற்காலியோடு ஏறக்கூடிய ஒரு வேனும், அது மழை படாமல் நிறுத்தும் இடமும்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கடுகண்ணாவையில் ரயில் திணறி ஏறுகிறதே, அந்தச் சரிவு ஏறத்தாழ 1:45தான். நாம் ஒரு மாணவரின் கைகளிடம் கேட்பது அதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே 1:12 என்பது கடைசி எல்லை. இடம் இருந்தால் 1:15, 1:20 என்று கேளுங்கள். பழைய தோட்டத்து வண்டிப் பாதைகளைப் பாருங்கள், மலையை நேரே ஏறாமல் சரிவைச் சுற்றிச் சுற்றியே போகும். வளாகத்துக்குள் அப்படியொரு பழைய பாதை புதர் மண்டிக் கிடந்தால் முதலில் அதை அளந்து பாருங்கள். பாதி வேலை முடிந்திருக்கலாம்.

மாட்டிக்கொள்ளக்கூடிய பொறி ஒன்று: வரைபடத்தில் 'சாய்தளம்' என்று எழுதி ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள், தொடக்க மட்டமும் முடிவு மட்டமும் இருக்காது. வேலைத்தளத்தில் கொந்தராத்துக்காரர் இருக்கிற இடத்துக்குள் அதை அடக்கிவிடுவார். ஒரு வளாகத்தில் இப்படிக் கட்டிய சாய்தளம் ஒன்றைப் பார்த்தேன். படிக்கட்டின் அதே சரிவு, மேலே பளபளவென்று தரை ஓடு. திறப்பு விழாவில் அதற்குத்தான் ரிப்பன் கட்டினார்கள். இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். இரண்டு முனையின் மட்டங்களும், நடுச் சமதளங்களின் மட்டங்களும் எண்ணில் எழுதப்படாத வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதற்கு நில அளவையாளர் எடுத்த சமவுயரக் கோட்டு வரைபடம் வேண்டும், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் படம். மலைச்சரிவில் ஒரு மீற்றர் உயரத்துக்கு ஒரு கோடு போதாது. அரை மீற்றருக்கு ஒன்றாவது கேளுங்கள். அளவையைக் கட்டடக் காணியோடு நிறுத்தாமல், பஸ் தரிப்பிடம் வரைக்கும் பாதையையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். பின்னால் தனியாக அளப்பதானால் மறுபடி விலை கோர வேண்டும், மறுபடி அனுமதி, மறுபடி காத்திருப்பு.

4. சரிவு தரும் சலுகையைப் பயன்படுத்துங்கள்

சமதரையில் மூன்று மாடிக் கட்டடத்துக்கு ஒரே ஒரு தரைமட்டம். நமக்கு அப்படி இல்லை. கீழ் வீதியிலிருந்து முதல் தளத்துக்கும், மேல் வீதியிலிருந்து மூன்றாம் தளத்துக்கும் நேரே நுழையலாம். கட்டடத்தைச் சில மீற்றர் நகர்த்தினாலோ தரைமட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலோ மேல் வீதியிலிருந்து ஒரு சிறு பாலத்தோடு காரியம் முடிந்துவிடும். மின்சாரம் போன நாளிலும் அந்த வழி வேலை செய்யும்.

இந்த முடிவை ஆரம்பத்தில்தான் எடுக்கலாம். கட்டடக் கலைஞர் முதல் மாதிரி வரையும்போதே போய், "எந்தெந்தத் தளங்களுக்கு வெளியிலிருந்து படியில்லாமல் நுழையலாம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி சில வேளை ஒரு லிப்டின் விலையை மிச்சம் பிடிக்கும். லிப்ட் தவிர்க்க முடியாது என்றால், பக்கத்துப் பழைய கட்டடத்தோடு கூரை போட்ட பாலத்தால் இணைத்து, ஒரே லிப்டை இரண்டுக்கும் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

ஆனால் அந்த மேல் வாசல் பூட்டிக் கிடக்கக்கூடாது. பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவர் கூடுதலாகத் தேவை என்று இரண்டாம் வருடமே பூட்டிவிடுவார்கள். ஆளணி பற்றியும் இப்போதே எழுதி வையுங்கள்.

5. அனுமதிகள்

கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். விண்ணப்பம், காணி வரைபடம், உத்தேசக் கட்டட வரைபடம், கட்டணம். கட்டணம் கட்டடத்தின் பரப்பைப் பொறுத்தது. அதிகாரிகள் இடத்துக்கு வந்து பார்த்த பிறகே அறிக்கை தருவார்கள். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வேலைகளில் அவர்கள் மூழ்கிவிடுவார்கள். வரட்சியான மாதங்களில் விண்ணப்பியுங்கள்.

இங்கே ஒரு பொறி. கட்டடத்துக்கு மட்டும் அறிக்கை வாங்கிவிட்டு, பிறகு சாய்தளத்துக்காகச் சரிவை வெட்டித் தாங்குசுவர் எழுப்பத் தொடங்கினால் வேலை இடையில் நின்றுபோகும். பாதை, வெட்டு, தாங்குசுவர், மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் முதல் விண்ணப்பத்திலேயே காட்டுங்கள். அறிக்கையில் வடிகால் பற்றிய நிபந்தனைகள் கட்டாயம் இருக்கும். அவை உங்கள் பாதைக்குக் குறுக்கே புதுக் கான் ஒன்றை வரவழைக்கலாம் என்பதால், அறிக்கை வந்ததும் வரைபடத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

அப்புறம், உள்ளூராட்சி மன்றம் அல்லது நகர அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட அனுமதி, முடிவில், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ். இவற்றை வேலைப் பிரிவு பார்த்துக்கொள்ளும். நீங்கள் பிரதியை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள்.

6. உள்ளே கவனிக்க வேண்டியவை

கதவு: திறந்த நிலையில் உள்ளே கிடைக்கும் அகலம் 80 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, 90 இருந்தால் நல்லது. நிலையின் அகலத்தைச் சொல்லி ஏமாற்றுவார்கள். கதவுப் பலகையின் தடிப்பு அதில் போய்விடும். திரும்பும் இடம்: ஒன்றரை மீற்றர் வட்டம். மின் ஆளிகள் தரையிலிருந்து 90 முதல் 120 சென்ரிமீற்றருக்குள்.

மலசலகூடத்தில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அல்லது தள்ளுகதவு. உள்ளே விழுந்தவரைக் கதவே அடைத்துக்கொண்டால் காப்பாற்ற முடியாது. இருக்கையின் ஒரு பக்கம் நாற்காலி நிற்க இடம், மறுபக்கம் சுவரில் கைப்பிடி. கைப்பிடி ஓர் ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டும். துவாய் தொங்கவிடும் கம்பியைப் பூட்டிவிட்டுக் கைப்பிடி என்று கணக்குக் காட்டிய இடங்கள் உண்டு. ஒவ்வொரு தளத்திலும் ஒன்று கேளுங்கள். தரைத்தளத்தில் மட்டும் என்றால் மூன்றாம் மாடியில் இருப்பவர் இடைவேளை முழுக்க லிப்டுக்குக் காத்திருப்பார்.

தரை: பளிங்கு போன்ற ஓடு வேண்டவே வேண்டாம். நுவரெலியாப் பக்கத்து மூடுபனிக்கே அது ஈரமாகிவிடும். வெளிச் சாய்தளத்துக்குத் துடைப்பத்தால் குறுக்கே கோடிழுத்த சொரசொரப்பான கொங்கிரீட் போதும், மலிவும்கூட. வெயில் படாத பக்கத்தில் கட்டினால் பாசி பிடித்தே தீரும், அதனால் கூரை போடுங்கள். கூரைத் தண்ணீர் சாய்தளத்தின் மேலேயே ஒழுகாமல் பீலியும் போடுங்கள். கூரை போட்டுப் பீலியை மறந்த இடத்தில் பாசி இன்னும் செழிப்பாக வளர்ந்திருக்கிறது.

பெயர்ப்பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கட்டும். பிரெயில் எழுத்தும் அப்படியே. அச்சுக்குப் போகுமுன் தமிழை ஒருவர் வாசித்துப் பார்க்கட்டும். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

மேல் தளங்களில், தீ விபத்தின்போது லிப்டைப் பயன்படுத்த முடியாது. படிக்கட்டின் அருகே சக்கர நாற்காலி காத்திருக்கப் பாதுகாப்பான இடம் வரைபடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

7. பணமும் நாட்காட்டியும்

பல திட்டங்கள் சாவது இங்கேதான். பல்கலைக்கழகத்தின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த வருடத்துக்கான மதிப்பீடுகளை வருடத்தின் நடுப்பகுதியில் கேட்பார்கள். அதற்குள் உங்கள் கோரிக்கை பீடச் சபையைத் தாண்டி நிதியாளரிடம் போயிருக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வரும். பணம் கைக்கு வரும்போது புது வருடத்தின் முதல் காலாண்டு கழிந்துவிடும். பிறகு கொள்வனவுகளைத் தீர்மானிக்கும் பெறுகைக் குழு, விலைமனு, ஒப்பந்தம். வேலை தொடங்கும்போது ஒக்டோபர் மழை. மண் வெட்ட முடியாது. டிசம்பர் 31க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு போய்விடும்.

இதை உடைக்க ஒரே வழி, அளவை, வரைபடம், மண்சரிவு அறிக்கை, அளவுப் பட்டியல் எல்லாவற்றையும் முந்தைய வருடமே முடித்து வைப்பதுதான். பணம் வந்த அன்றே விலைமனு கோரத் தயாராக இருக்கலாம்.

மழை எல்லா மலைக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். கண்டி, ஹற்றன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மண் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை உகந்தது. பதுளைப் பக்கம் நேர்மாறு: வடகீழ்ப் பருவமழை டிசம்பர் தொடக்கம் கொட்டும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்திருக்கும். ஒக்டோபர், நவம்பர் இரண்டு பக்கமும் ஆகாது.

செலவு விஷயத்தில் மூலதனச் செலவையும் மீண்டெழும் செலவையும் பிரித்துப் பாருங்கள். லிப்ட் வாங்க மூலதன ஒதுக்கீடு கிடைக்கும். அதன் வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம், மின்கட்டணம், ஜெனரேற்றர் டீசல் எல்லாம் மீண்டெழும் செலவு. அதற்கு வேறு தலைப்பு, வேறு போராட்டம். உத்தரவாதக் காலம் முடிந்ததும் லிப்ட் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்கு ஒரு பங்கும் 18 சதவீத வற் வரியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டால் பணம் போதாதபோது முதலில் வெட்டுவது வெளிவேலைகளைத்தான். சாய்தளமும் கூரைப் பாதையும் அந்த 'வெளிவேலைகள்' தலைப்பில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே அளவுப் பட்டியலில் சாய்தளம், கைப்பிடி, கான் மூடி, பெயர்ப்பலகை ஒவ்வொன்றுக்கும் தனி வரி கேளுங்கள். 'அணுகல் வசதிகள்: மொத்தமாக' என்று ஒரே தொகை போட்டால் அதில் என்ன கட்டினாலும் கட்டியதாகவே கணக்கு.

கட்டடம் வரும்வரை மாணவர் காத்திருக்க முடியாது. விரிவுரைகளைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. நேர அட்டவணை தயாரிக்கும் முன், பீடாதிபதியிடம் எழுத்தில் கேளுங்கள். பரீட்சை மண்டபத்துக்கும் அப்படியே.

8. வேலை நடக்கும்போதும் பொறுப்பேற்கும்போதும்

சாய்தளத்துக்குக் கொங்கிரீட் போடும் முன், பலகை அடித்த நிலையில் ஒரு தடவை போய் அளவுங்கள். பலகையைக் கழற்றி அடிப்பது அரை நாள் வேலை. கொங்கிரீட் இறுகிவிட்டால் உடைக்க யாரும் பணம் தரமாட்டார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் முன்கூட்டிச் சொல்லி அவரோடு போங்கள். மேசன் பாஸிடம் நேரே கட்டளையிட்டால் பிறகு "விரிவுரையாளர் சொன்னார்" என்று எல்லாப் பிழையும் உங்கள் தலையில் விழும்.

பொறுப்பேற்கும் நாளில் சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய், பஸ் தரிப்பிடத்திலிருந்து மூன்றாம் மாடி மலசலகூடம் வரைக்கும் போய்த் திரும்புங்கள். தடங்கிய இடங்களைக் குறைபாட்டுப் பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குறைபாடு திருத்தும் காலம் வழக்கமாக ஒரு வருடம். அதுவரை ஒப்பந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு முழு மழைக்காலம் கழிந்த பிறகு, அந்தப் பணம் விடுவிக்கப்படும் முன், இன்னொரு தடவை அதே வழியில் போங்கள்.

மலசலகூடச் சாவி எங்கே இருக்கும் என்பதையும் அன்றே முடிவுசெய்யுங்கள். பூட்டாமல் விடுவதுதான் சிறந்தது. பூட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு சாவி மாணவர் கையில், ஒன்று தரைத்தளக் காவலரிடம். உள்ளே துடைப்பமும் வாளியும் பெயின்ற் தகரமும் வைக்க வேறு அறை ஒன்று அதே தளத்தில் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவை எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.